தென்னந்தும்பு கலந்து வார்க்கும் பிளாஸ்டிக் பலகை எளிதில் முறிகிறது. தும்பைக் கூட்டினால் பலம் கூடுமா?

கூடாது. முறிந்த இடத்தை முதலில் உற்றுப் பாருங்கள். தும்பு அறுபடாமல் உருவிக்கொண்டு வந்து, இருந்த இடத்தில் துளை தெரிந்தால், இரண்டும் ஒட்டவே இல்லை என்று பொருள். அந்த நிலையில் தும்பைக் கூட்டக் கூட்டப் பலகை நலிந்துதான் போகும்.

தாவர நார் நீரை இழுக்கும், பலகைக்கு நாம் உருக்கும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நீரை ஒதுக்கும். போதாததற்குத் தும்பின் மேல் மெழுகு வேறு. 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவிட்டால் மெழுகும், நாரை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளில் ஒரு பகுதியும் கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகும். கரைசலைக் கடுமையாக்கினால் நாரே கெடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சோடாவைத்தான் தண்ணீரில் இட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. காரம் போகும்வரை அலசுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கும்போது மலேயிக் அன்ஹைட்ரைட் பிணைத்த பொலிபுரொப்பிலீன் சில சதவீதம் சேர்த்தால், அது ஒருபுறம் தும்பையும் மறுபுறம் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும். செலவைப் பார்த்து இதைத் தவிர்க்காதீர்கள்.

உலர்த்துவதில்தான் திருகோணமலையில் நாம் தோற்கிறோம். மாரி காலத்தில் வெளியே காய்ந்த தும்பு கைக்கு உலர்ந்ததாகத் தெரியும், ஆனால் கடற்காற்றின் ஈரம் உள்ளே இருக்கும். உருகிய பிளாஸ்டிக்கில் அது ஆவியாகிக் குமிழிகளை விட்டுச்செல்லும், பலகை அங்கேதான் வெடிக்கும். சுமார் 80 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவனில் இரவு முழுவதும் உலர்த்தி, ஆறவிட்டு வைக்காமல் உடனே கலந்துவிடுங்கள்.

நிலாவெளிக் கரையில் பொறுக்கிய தண்ணீர்ப் போத்தல்களைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் உருக 250 பாகை அளவு சூடு வேண்டும். 200 பாகையைத் தாண்டினாலே நார் கருகத் தொடங்கும், ஆகவே போத்தல் வேண்டாம். போத்தல் மூடிகள் பெரும்பாலும் 130 முதல் 165 பாகைக்குள் உருகும் வகை என்பதால் அவற்றைச் சேகரியுங்கள்.

ஒட்டுதல் சரியாகியும் இழுவிசைக்குத் தாங்காவிட்டால் நாரை மாற்றுங்கள். தும்பில் லிக்னின் 40 சதவீதத்துக்கும் மேல், நாருக்குப் பலம் தரும் செலுலோஸ் என்ற நுண்ணிழைகளும் சுருளாகச் சரிந்து ஓடுகின்றன. ஆகவே அது நன்றாக நீளும், அடியைத் தாங்கும், இழுவைக்கு அவ்வளவு உதவாது. வாழை நாரைச் சுமை இழுக்கும் திசையில் நெடுக அடுக்கினால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

இவ்வளவும் செய்தாலும் படகின் அடிப்பகுதிக்கு இந்தப் பலகையைக் கொண்டுபோகாதீர்கள். எப்போதும் கடல்நீரில் கிடந்தால் நார் ஊதி ஒட்டுதல் விட்டுவிடும். அங்கே கண்ணாடி நாரே இருக்கட்டும். இருக்கைப் பலகைக்கும் வீட்டுத் தடுப்புக்கும் இது தாராளமாகப் போதும்.