பழைய செயின் டோசர் ஒன்று எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை எப்படிக் கணிப்பது?

கந்தளாயில் விலைக்கு வந்திருக்கும் 1950களின் கட்டர்பில்லர் டி4 (சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஓடி மண் தள்ளும் டோசர்) ஒன்றில் மணி மீற்றர் 2,900 மணித்தியாலம் காட்டுவதாகவும், அதை நம்பி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மீற்றரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த வயது இயந்திரங்களில் மீற்றர் பழுதாகி ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கலாம். வேறோர் இயந்திரத்திலிருந்து கழற்றிப் பூட்டியதாக இருக்கலாம். நான்கு இலக்க மீற்றராயின் 9,999ஐத் தாண்டி மறுபடியும் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கவும் கூடும். ஆண்டை உறுதிசெய்யத் தொடரிலக்கத்தைப் பாருங்கள். 6யூ, 7யூ என்று தொடங்கும் டி4கள் 1947க்கும் 1959க்கும் இடையில் செய்யப்பட்டவை. இரு பக்கச் செயின்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான அகலம் முன்னதில் 44 அங்குலம், பின்னதில் 60 அங்குலம்.

இத்தகைய இயந்திரத்தில் சில பாகங்களைத் தேய்ப்பது நிலம். வேறு சிலவற்றைத் தேய்ப்பது ஓடிய நேரம். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். செயின், அதன்மேல் உருளும் ரோலர், முன்பக்கத்தில் அதைத் திருப்பிவிடும் ஐட்லர், பின்பக்கத்தில் பற்களால் அதைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட் எல்லாம் நிலத்தின் கணக்கு. நமது திருகோணமலை மாவட்டத்தில் இது மிகவும் முக்கியம். கந்தளாய் வயல் மண்ணில் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய செயின், நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரையிலான கரையோர மணலில் மிக விரைவாக முடிந்துவிடும். புல்மோட்டை மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் போன்ற கடினமான கனிமத் துகள்கள் கலந்திருக்கின்றன. எண்ணெய் அடைத்து முத்திரையிட்ட செயின்கள் 1970களில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முந்திய செயின்களில் பின்னும் (கண்ணிகளை இணைக்கும் உருளை ஆணி) புஷ்ஷும் (அந்த ஆணியைச் சுற்றியிருக்கும் குழாய்) ஒன்றோடொன்று உலர்ந்த நிலையிலேயே உரசுகின்றன. ஈர மணல் அந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டால் உள்ளிருந்தே அரைத்துக்கொண்டிருக்கும். ஆகவே செயின் முடிந்திருப்பதைக் கண்டு இயந்திரம் நெடுங்காலம் உழைத்தது என்றோ, புதிய செயினைக் கண்டு குறைவாக ஓடியது என்றோ முடிவுசெய்ய முடியாது.

செயினைக் கண்ணால் பார்த்தால் போதாது, அளக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் ஒரு பழைய பின்னை வைத்து இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தினால் மேற்புறச் செயின் விறைத்து நிற்கும். அப்போது ஒரு பின்னின் ஓரத்திலிருந்து அதற்கு அடுத்த நான்காவது பின்னின் அதே பக்க ஓரம் வரை நாடாவால் அளவெடுங்கள். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும், ஏனையவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும் மாஸ்டர் பின் அந்த அளவுக்குள் வரக்கூடாது. உதிரிப்பாக நூலில் உள்ள புதிய அளவோடு இதை ஒப்பிட வேண்டும். நான் 3 சதவீத நீட்சியை எல்லையாகக் கொள்வேன். உதாரணமாக, நான்கு கண்ணிகள் புதிதில் 700 மில்லிமீற்றராயின், 721ஐத் தொட்ட செயின் முடிந்துவிட்டது. அதற்கு முந்திய கட்டத்தில், பிரஸ்ஸில் வைத்துப் பின்னையும் புஷ்ஷையும் அரைவட்டம் திருப்பித் தேயாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை திருப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்: புஷ்ஷின் இரு பக்கங்களிலும் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வாய்ப்பு இனி இல்லை. செயினை இறுக்கும் திருகாணியையும் விட்டுவிடாதீர்கள். அதன் புரி அநேகமாக முழுவதும் வெளியே வந்திருந்தும் செயின் தளர்ந்து தொங்கினால் விடை தெளிவாகவே இருக்கிறது.

ஸ்ப்ராக்கெட் பல் இன்னொரு செய்தி சொல்லும். நீண்டுபோன செயினின் புஷ், பல்லின் அடியில் அமராமல் மேலேறி உட்கார்வதால் நுனி கூர்மையாகிறது. புதிய செயினுக்குக் கீழே இப்படிக் கூரான பற்கள் இருந்தால், விற்பதற்காக அவசரமாகச் செயினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அந்தப் பற்கள் புதிய புஷ்களையும் விரைவில் தின்றுவிடும்.

இனி, நேரத்தின் கணக்கு. மிதிகளின் வரிகள் வழவழப்பாகியிருக்கின்றனவா, நெம்புகோல்களின் அச்சுத் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, பின்புற இழுவைக் கம்பியின் துளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். பெயின்ற் அடித்து மறைக்க முடியாத இடங்கள் இவை. மிதியையும் புதிதாக மாற்றிவிடலாம் என்பது உண்மை, ஆனால் அநேகமாக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

எஞ்சினை நீங்கள் அங்கு போய்ச் சேர்ந்த பின்னரே, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனவுடன் ரேடியேற்றரில் கை வையுங்கள்; சூடாக இருந்தால் முன்னரே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டி4இல் முதலில் சிறிய பெற்றோல் எஞ்சின் இயங்கி, அதுதான் டீசல் எஞ்சினைச் சுழற்றும். நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் நமது வெப்பத்தில் அதிக நேரம் சுழலாமலே பற்றிக்கொள்ள வேண்டும். நன்றாகச் சூடான பின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். இலேசான ஆவி வருவது இயல்பு. புகை இடைவிடாது பீறிட்டால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன. எண்ணெய் அழுத்தத்தையும் அந்தச் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இரண்டு பைனல் டிரைவ்களின் (ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசிப் பற்சக்கரப் பெட்டிகள்) வடிகால் ஆணியையும் சற்றே தளர்த்தி, முதலில் வரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். நீர் கனமானது என்பதால், இருந்தால் அதுவே முதலில் வரும். பால் நிறத்தில் எண்ணெய் வந்தாலோ, வெள்ளித்தூள் மினுங்கினாலோ, உலோகத் துண்டுகள் அகப்பட்டாலோ அந்த இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தேய்ந்த செயின் பேரம் பேசிச் சரிக்கட்டக்கூடிய செலவு. எஞ்சினும் பைனல் டிரைவும் நன்றாக இருந்து செயின் மட்டும் முடிந்திருந்தால், புதிய செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டின் விலையையும் கழித்துக் கேளுங்கள்.