பூஜ்ஜிய ஓமில் காணாமல் போன மின்னோட்டம்

கேள்வி: மின்சுற்றுப் பாகங்களின் நடத்தையைச் சமன்பாடாக எழுதும் வெரிலாக்-ஏ மொழியில் ஒரு டயோடு மாடல் எழுதினேன். தொடர் மின்தடை 10 ஓம் என்றால் ஒழுங்காக ஓடுகிறது. 0 என்று கொடுத்தால் டிசி-யில் மின்னோட்டமே இல்லை. மின்தடை 0 என்றால் மின்னழுத்தம் 0, இல்லையென்றால் ஓம் விதிப்படி மின்னோட்டம் என்று இஃப்-எல்ஸ் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். சிமுலேட்டரில் கோளாறா?

பதில்: சிமுலேட்டரைத் திட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய மாடலில், எல்ஸ் முடிந்த பிறகு அதே கிளைக்கு (இரண்டு கணுக்களுக்கு, அதாவது இணைப்புப் புள்ளிகளுக்கு, இடையிலான பாதைக்கு) ஒரு குட்டி கெப்பாசிட்டர் எழுதியிருக்கிறீர்களே, 2 ஃபெம்டோஃபாரட்? குற்றவாளி அதுதான்.

'<+' என்பது கிளைக்கு மின்னோட்டமோ மின்னழுத்தமோ கொடுக்கும் குறி. அதைப் பார்த்ததும் கூட்டல் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் சரி. ஒரே கிளைக்கு மின்னோட்டத்தை எத்தனை முறை கொடுத்தாலும் கூடிக்கொண்டே போகும்; மின்னழுத்தமும் அப்படியே. ஆனால் மின்னழுத்தம் கொடுத்த கிளைக்குப் பின்னால் மின்னோட்டம் கொடுத்தால், அதுவரை சேர்ந்த மின்னழுத்தம் போயே போச்சு. கிளையே மின்னோட்ட மூலமாக மாறிவிடும். எது கடைசியாக வருகிறதோ, அதன் ராஜ்ஜியம்.

உங்கள் 10 ஓமில் மேலே மின்னோட்டம், கீழே கெப்பாசிட்டரின் மின்னோட்டம். ஒரே இனம், கூடிவிட்டன. 0 ஓமில் மேலே போட்ட ஷார்ட்டை, அதாவது மின்னழுத்தம் 0 என்ற வரியை, கெப்பாசிட்டர் வரி அழித்துவிட்டது. டிசி-யில் கெப்பாசிட்டர் திறந்த சுற்றுதானே? டயோடு அந்தரத்தில் தொங்குகிறது. ஏசி-யில் அதிர்வெண்ணை ஏற்றினால் கொஞ்சம் மின்னோட்டம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு டயோடு சமன்பாட்டைக் குடையத் தொடங்காதீர்கள். மூன்று நாள் குடைந்தவன் சொல்கிறேன்.

கெப்பாசிட்டர் வரியை எல்ஸுக்குள் தள்ளுங்கள், சரியாகிவிடும். அல்லது அதற்குத் தனிப் பெயரில் ஒரு கிளை அறிவியுங்கள். பெயர் வேறானால் கிளையும் வேறு, ஷார்ட்டுக்கு இணையாகச் சும்மா கிடக்கும்.

இந்த விதி எனக்குப் பிடித்ததில்லை. சுவிட்ச் எழுத வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரியின் பொருள் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது, எச்சரிக்கையும் வருவதில்லை என்றால் எப்படி? 1999-ல் ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பின் தரமான விஹெச்டிஎல்-ஏஎம்எஸ், இதே வேலைக்கான இன்னொரு மொழி, வேறு வழியில் போனது. அங்கே சமன்பாடுகளும் அறியாதவையும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

கேள்வி: பெயர் வைத்த கிளையில் மின்தடை எழுதினேன். அப்புறம் அதே இரண்டு கணுக்களைக் குறிப்பிட்டு மின்னோட்டத்தைப் படித்தேன். படித்ததற்கே ஷார்ட் ஆகுமா?

பதில்: ஆகும். கணுக்களை மட்டும் சொன்னால் அது பெயரில்லாத இன்னொரு கிளை. அதற்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை, மின்னோட்டத்தை மட்டும் கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் அந்தக் கிளை அம்மீட்டர் ஆகிவிடும், மின்னழுத்தம் 0. மின்தடைக்குக் குறுக்கே அம்மீட்டர் வைத்தால் என்ன ஆகும் என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்திருப்பீர்கள். கிளையின் பெயரைச் சொல்லியே படியுங்கள்.