ஹேண்டில்பாரில் மீட்டர் நழுவுகிறதா? கேள்வி பதில்

சைக்கிள் கம்ப்யூட்டரை, அதாவது வேகமும் தூரமும் காட்டும் மீட்டரை, ஹேண்டில்பாரில் ஆடாமல் அசையாமல் மாட்டுவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த மீட்டர் வாங்கலாம், எது மலிவு என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். மாட்டும் வேலை மட்டும்தான்.

சத்துவாச்சாரி: சர்வீஸ் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் மீட்டர் தலை கவிழ்ந்துவிடுகிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இதே கதைதான். என்ன செய்வது?

இதற்கு மேல் இறுக்காதீர்கள் தம்பி, கிளாம்ப் பிளந்துவிடும். மவுண்ட் (மீட்டரைப் பாரில் பிடித்து வைக்கும் தாங்கி) நழுவினால் பெரும்பாலும் அளவு பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் பாரை அளந்து பாருங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு பேப்பர் துண்டைப் பாரில் ஒரு சுற்று சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் வைத்தால் போதும். 10 செ.மீ. வந்தால் உங்கள் பார் 31.8 மி.மீ. 8 செ.மீ. வந்தால் 25.4. 7 வந்தால் 22.2. சில புது எம்.டி.பி.களில் (மலைச் சைக்கிள்களில்) 11 வரும், அது 35 மி.மீ. இப்போது மவுண்ட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 31.8 மவுண்ட்டை 25.4 பாரில் போட்டுவிட்டு இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் இடம். நிறைய பார்கள் ஸ்டெம்முக்கு (பாரை நடுவில் பிடித்திருக்கும் துண்டு) பக்கத்தில் பருமனாகவும் கைப்பிடிப் பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும். அந்தச் சரிவில் மாட்டினால் கிளாம்ப்பின் ஒரு விளிம்பு மட்டும்தான் பாரைத் தொடும். ஸ்டெம்மை ஒட்டி, பருமன் ஒரே சீராக இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். டேப் சுற்றிய பாராக இருந்தால் டேப் மேல் மாட்டக் கூடாது.

அளவும் இடமும் சரியாக இருந்தும் நழுவினால் பழைய ட்யூப் ரப்பர் போடலாம். மவுண்ட்டின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது, ஏறினால் அந்த இடத்தில் மேடு தட்டும். ட்யூப்பின் உள்பக்கம் வெள்ளையாகப் பவுடர் பூத்திருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். அந்தப் பவுடரே வழுக்கும். பாரையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பாலிஷ், எண்ணெய் எதுவும் கூடாது.

கடைசியாக ஒரு கயிறு. மீட்டரின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் கோத்து ஸ்டெம்மைச் சுற்றிக் கட்டுங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ரப்பர் வளையம் போட்டு மாட்டும் வகை என்னுடையது. வளையம் அறுந்துவிட்டது. ஆபீஸ் ரப்பர் பேண்ட் போடலாமா?

கூடாது. அது நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதே அளவு கறுப்பு ஓ-ரிங் இரண்டு வாங்குங்கள், இன்னும் இரண்டு சீட்டுப் பையில் இருக்கட்டும். கொக்கியில் வளையும் இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கயிறு கட்டியிருக்கிறீர்களா?

ஆற்காடு: கார்மின் மவுண்ட்டில் வஹூ மீட்டரைப் போடலாமா? கொஞ்சம் அழுத்தினால் ஏறும் போலிருக்கிறது.

வேண்டாம். இரண்டும் வேறு வேறு கம்பெனி, மவுண்ட்டில் திருகி மாட்டும் காதுகளும் வேறு வேறு. அழுத்தினால் காது உடையும்.

குடியாத்தம்: கார்பன் பார் போட்டிருக்கிறேன். மவுண்ட்டை எவ்வளவு இறுக்கலாம்?

மவுண்ட்டில் அச்சடித்திருக்கும் இறுக்க அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஸ்டெம் முகப்பில் வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். அது ஸ்டெம் போல்ட்டுக்கு. அந்தக் கணக்கில் மவுண்ட்டின் சின்ன போல்ட்டை இறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாவிட்டால் ஆலன் கீயின் நீளப் பக்கத்தைத் துளையில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் திருப்புங்கள். பலம் தானாகக் குறையும். கார்பனுக்கென்று நறநறவென்று மணல் போன்ற துகள் கலந்த பேஸ்ட் விற்கிறது. அதைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். கார்பன் நசுங்கினால் வெளியே தெரியாது, ஒருநாள் ஓடும்போது முறியும்.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை: ட்யூப் ரப்பர் எதற்கு அண்ணே? எங்களிடம் வெட்டுத் தோல் சும்மாவே கிடைக்கும். தோலைச் சுற்றி மாட்டியிருக்கிறேன், பார்க்கவும் அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் தோல் அழுந்தும். இன்று இறுக்கியது நான்கு நாளில் தளர்ந்திருக்கும். மீட்டர் இருக்கும் இடத்தில் நெற்றி வியர்வை சொட்டும். ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து தோல் விறைத்துவிடும். ரப்பர் அழுத்தினால் திரும்பத் தள்ளும், பிடிப்பே அதில்தான் இருக்கிறது.

வாணியம்பாடி: ஆம்பூர் நண்பர் சொல்வது சரி. தோல் சீட் வருஷக்கணக்கில் உழைக்கவில்லையா? அது வியர்வை படாத இடமா?

நல்ல கேள்வி, ஆனால் அந்த சீட்டின் மூக்குக்கு அடியில் பாருங்கள், ஒரு போல்ட் இருக்கும். தோல் தளரத் தளர அதைத் திருகி இழுத்துக்கொள்ளத்தான் அந்த போல்ட். தோல் தளரும் என்று சீட் செய்கிறவரே ஒப்புக்கொண்டு வைத்த ஏற்பாடு அது.

மறுபடி ஆம்பூர்: சீட்டுத் தோல் மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. என்னுடையது குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல். தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக விறைக்காது. தெரியாமல் சொல்லாதீர்கள்.

குரோம் தோல் ஈரத்தை நன்றாகத் தாங்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தொழிலில் இருப்பவர் நீங்கள். ஆனால் குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஷூவின் மேல்பாகத்துக்கு எடுப்பதே அதனால்தான். மெத்தென்று இருப்பது போல்ட்டுக்கு அடியில் இன்னும் அதிகமாக அழுந்தும். என் வாதம் அழுந்துவது பற்றி.

போளூர்: தோலோ ரப்பரோ, இரும்பு பாரில் பட்டைத் தோல் போட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை. பட்டையில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். இரும்பு பார்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

வாலாஜா: மீட்டர் முன்பக்கமாகச் சாய்கிறது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள்.

ராணிப்பேட்டை: போன் மாட்டினால் போதாதா?

போதும், ஆனால் போன் கனம், அதற்கு நான்கு மூலையும் பிடிக்கும் மவுண்ட் வேண்டும். பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது. சைக்கிளில் அந்த அளவு அதிர்வு இல்லை. இருந்தாலும் விலை உயர்ந்த போன் என்றால் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

விருதம்பட்டு: நானும் கேட்கிறேன், மவுண்ட் சுழல்கிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடட்டுமா?

சுழல்வதற்கு மருந்து மேலே இருக்கிறது. ஃபெவிக்விக் வேண்டாம். காய்ந்தால் மொறுமொறுவென்று ஆகி, அதிர்வில் விட்டுவிடும். பாரும் பாழ்.

அணைக்கட்டு: கயிறு கயிறு என்கிறீர்கள். ஏரோ சைக்கிளில் கயிறு தொங்கினால் அசிங்கம். நல்ல மவுண்ட் இருந்தால் எதற்கு?

காட்பாடிப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்புத் தட்டிலும் சைக்கிள் தூக்கிப் போடுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கை மரத்துப் போகிற அதிர்வு. எந்த மவுண்ட்டும் ஒருநாள் உடையும். பெங்களூர் நெடுஞ்சாலையில் மீட்டர் கழன்று விழுந்தால், பின்னால் லாரி வருவதைப் பார்க்காமல் கை பிரேக்கைப் பிடிக்கும், கண் ரோட்டில் தேடும். அந்த நொடிக்காகத்தான் கயிறு.

தொங்கக் கூடாது என்பதும் சரிதான். கயிற்றை மீட்டர் திரும்பிக் கழலும் அளவுக்கு மட்டும் விடுங்கள். நீளமாக விட்டால் முன் சக்கரத்து ஸ்போக்கில் மாட்டி ஆளையே கவிழ்க்கும். மவுண்ட்டில் கட்டுவதும் வீண், மவுண்ட் உடைந்தால் கயிறும் சேர்ந்து போகும். ஸ்டெம்மில் கட்டுங்கள்.

போளூர், 28 இஞ்ச் பழைய சைக்கிள்: வயர் மீட்டர். வயர் அடிக்கடி அறுந்துவிடுகிறது.

வயரைப் பிரேக் கேபிளோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுபோங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டுங்கள். கறுப்பு ஜிப் டை போடுங்கள், வெள்ளை வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும்.

ஆம்பூர், மூன்றாம் முறை: சரி அண்ணே, தோலையும் ரப்பரையும் சோதித்தே பார்த்துவிடுகிறேன். எப்படிப் பார்ப்பது?

ஒரே கெட்டியில் ஒரு தோல் துண்டும் ஒரு ரப்பர் துண்டும் எடுத்து, அடுத்தடுத்த ஞாயிறுகளில் அதே சைக்கிளில், அதே இறுக்கத்தில் மாட்டுங்கள். மவுண்ட்டிலும் பாரிலும் சேர்த்து வெள்ளை மார்க்கரில் ஒரே கோடாகக் குறுக்கே இழுத்துவிடுங்கள். ஏலகிரி ஏறி இறங்கி வந்து பார்த்தால் கோடு விலகியிருக்கிறதா, எவ்வளவு என்று தெரியும். படம் எடுத்து அனுப்புங்கள். தோல் நின்றால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.