சிக்வாம்போ என்றால் என்ன? அதற்கும் நங்காவுக்கும் என்ன தொடர்பு?

சிக்வாம்போ என்பது ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய நம்பிக்கையில், பணம் கொண்டுவருவதற்காக ஒருவர் ரகசியமாக வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு ஆவி. முதலில் செல்வம் பெருகும். அப்புறம் அது ரத்தப்பலி கேட்கும், வீட்டில் ஒவ்வொருவராகச் சாவார்கள் என்பார்கள். கந்துவட்டி மாதிரிதான்: வாங்கும்போது சுலபம், அடைக்கவே முடியாது.

ஏன் இப்படி ஒரு நம்பிக்கை? ஷோனா மரபில் குடும்பத்தைக் காப்பவர்கள் வட்ஸிமு எனப்படும் முன்னோர் ஆவிகள். நல்வாழ்வு அவர்கள் வழியாக, குடும்பம் முழுவதற்கும் வர வேண்டும். ஒருவர் மட்டும் திடீரெனப் பணக்காரரானால், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற சந்தேகம் எழுகிறது. வயலிலும் இதே கதைதான். அக்கம்பக்கத்து விளைச்சலைத் தன் நிலத்துக்கு இழுக்கும் மந்திரப்பொருளுக்கு திவிசி என்று பெயர். என் பார்வையில், பேராசையின் மீது ஊர் வைக்கும் கண்காணிப்பு இது.

கொலையுண்டவரின் ஆவியான ங்கோசி வேறு. அது நீதி கேட்டு வருவது. கொன்றவரின் குடும்பம் இழப்பீடு தந்தால்தான் அடங்கும்.

சரி, நங்கா யார்? மூலிகை தருபவர், ஹகாட்டா என்னும் குறிக்கட்டைகளை வீசி நோய்க்குக் காரணம் சொல்பவர். விடுதலை பெற்ற 1980-லேயே இவர்களுக்கு தேசியச் சங்கம் உருவானது.

நங்காவைச் சூனியக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். சிலர் ரகசியமாகச் சிக்வாம்போ விற்பதாகப் பேச்சு உண்டு என்றாலும், ஷோனா மரபில் சூனியம் செய்பவர் முரோயி, அவரைக் கண்டுபிடித்து முறியடிப்பவரே நங்கா.