துருசும் கோவையும் (மதகும் ஃபைலும்): பொறியியல் சேவையா, நிர்வாக சேவையா?

நான் நீர்ப்பாசனப் பொறியியலாளராக 28 வருடம் இருந்தவன். அதில் பெரும்பகுதி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும்தான். ஓய்வுபெற்ற பிறகு பின்னேரங்களில் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இலங்கைப் பொறியியல் சேவை, நிர்வாக சேவை பற்றிக் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். தெரிந்ததற்கு மட்டும் பதில். கணக்காளர் சேவை, கல்வி நிர்வாக சேவை பற்றியெல்லாம் அதில் இருப்பவர்களைப் பிடியுங்கள்.

சேர், ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சிவில் இறுதி வருடம் படிக்கிறேன். பொறியியல் சேவை, நிர்வாக சேவை இரண்டுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். எது பெரியது? (சம்மாந்துறை)

சம்பளத்தாளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது தம்பி. இரண்டும் எஸ்எல்-1 சம்பளத் திட்டம். 2016 சுற்றறிக்கையில் இரண்டுக்கும் ஆரம்பம் 47,615 ரூபாய்தான். 2025 இல் தொகைகளைத் திருத்தினார்கள், திட்டம் அதேதான். தரம் III இல் சேர்ந்து II, I, விசேட தரம் என்று ஏறுவதும் இரண்டிலும் ஒன்றே. காலையில் எழும்பி எங்கே போகிறீர்கள் என்பதுதான் வேறு.

ஒரு சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள். மாரி முடிந்து குளத்தில் நிற்கும் தண்ணீரை வைத்து, இந்தப் போகம் எத்தனை ஏக்கர் செய்வது என்று கணக்குப் பார்க்கும் கூட்டம் அது. மேசையின் நடுவில் அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர். பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை, விவசாயத் திணைக்களம். எதிரே வட்டவிதானைமார் (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்கள்), போடிமார் (பெரிய நிலக்காரர்), விவசாய அமைப்புக்காரர். விதைப்பு எந்தத் திகதி, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, கடைசித் தண்ணீர் எப்போது என்பதெல்லாம் அங்கேதான் தீரும். குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கருக்கு மேல் தாங்காது என்று பொறியியலாளர் சொல்லி முடிப்பதற்குள் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைக் கண்டக்காரர் எழும்புவார்: "போன முறையும் இப்படித்தான் சொன்னீங்க, எங்கட வயலுக்குத் தண்ணி வந்ததா?" மேல் கண்டக்காரர் அதற்கு ஒன்று சொல்லுவார். பிறகு ஒரு மணித்தியாலம் யார் பேசுகிறார் என்றே தெரியாது.

அந்தச் சத்தத்துக்குள் பொறுமையாக இருந்து, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு திகதியை வாங்கி, கூட்டக் குறிப்பில் எழுதவைத்துக் கையொப்பமிடுவது நிர்வாக சேவைக்காரரின் வேலை. அந்தத் திகதியில் துருசைத் திறந்து, கடைக் கண்டம்வரை தண்ணீர் போகச்செய்வது பொறியியலாளரின் வேலை. எந்தக் கதிரையைப் பார்த்து உங்களுக்குக் கை துறுதுறுக்கிறதோ அதற்குப் படியுங்கள். இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் பிழையில்லை, ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த மறக்காதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று கீழே வரும்.

வயதெல்லை எத்தனை? (செங்கலடி)

அந்தந்த வர்த்தமானி அறிவித்தலில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதையே பார்க்க வேண்டும், போன முறை அறிவித்தலை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

பொறியியல் சேவைப் பரீட்சைக்கு யூடியூப்பில் இந்திய வகுப்புகள் நிறைய இருக்கின்றன. ஐஇஎஸ் (இந்தியப் பொறியியல் சேவை) புத்தகங்களும் வாங்கிவிட்டேன். போதுமா சேர்? (திருக்கோவில்)

வாங்கியாச்சு, சரி. ஆனால் அது வேறு பரீட்சை என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் அதை நடத்துவது அவர்களுடைய மத்தியத் தேர்வாணையம். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று நான்கு பிரிவு. முதற்கட்டத் தேர்வில் பொது அறிவும் பொறியியல் நாட்டமும் 200 புள்ளி, பாடம் 300 புள்ளி. இரண்டாம் கட்டத்தில் 300, 300 என இரண்டு எழுத்துத் தாள். நேர்முகம் 200. ஆக மொத்தம் 1300. முதற்கட்டத்தில் பிழையான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி வெட்டுவார்கள். அதில் தேறுகிறவர் ரயில்வேயிலும் மத்திய பொதுப்பணியிலும் அமர்வார். இங்கே மட்டக்களப்பில் இருந்துகொண்டு நீங்கள் அதை எழுதவும் முடியாது, எழுதி என்ன செய்வது?

புத்தகத்தை வீசச் சொல்லவில்லை. ஹைட்ராலிக்ஸ், மண் பொறியியல், கட்டமைப்பு எல்லாம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். அந்தக் கணக்குகளைச் செய்தால் கை வேகமாகும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தைப் பார்த்து இங்கே எதை விடுவது, எதைப் படிப்பது என்று தீர்மானிக்காதீர்கள். போன வருடம் ஒரு தம்பி பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்ற பயத்தில் பாதித் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வந்தான். அறிவித்தலில் அப்படி ஒரு வரியே இல்லை! நம்முடைய வர்த்தமானியில் வினாத்தாள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எத்தனை புள்ளி என்று தெளிவாகப் போட்டிருக்கும். அதை வெட்டி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். நம் பிள்ளைகள் விழுவது பொறியியலில் இல்லை, நுண்ணறிவுத் தாளில் நேரம் போதாமல்தான்.

தமிழ் மூலமா, ஆங்கில மூலமா? (வாழைச்சேனை)

பாடத்தை ஆங்கிலத்தில் படித்தவருக்குத் தொழில்நுட்பத் தாள் ஆங்கிலத்தில் இலகு. நிர்வாக சேவைக்குக் கட்டுரை எழுதுவதென்றால், யோசிக்கும் மொழியில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் போட்ட மொழியைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள், அதனால் முதலே இரண்டு மொழியிலும் ஒவ்வொரு தாள் செய்து பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

மின்சார சபை, நீர் வழங்கல் சபையில் சேர்ந்தால் அதுவும் பொறியியல் சேவைதானே சேர்? (ஏறாவூர்)

இல்லை. நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். பொறியியல் சேவை என்பது நீர்ப்பாசனத் திணைக்களம், கட்டடங்கள் திணைக்களம், மாகாணத் திணைக்களங்கள் போன்ற இடங்களுக்கான நாடளாவிய சேவை. சபையும் அதிகாரசபையும் தாங்களே ஆள் எடுக்கும், சம்பளமும் தனி. திணைக்களத்தில் ஓய்வூதியம். நீர் வழங்கல் சபை போன்ற இடங்களில் சேமலாப நிதி: உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12, அதற்கு மேலே நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3. மின்சார சபையைப் பிரிப்பது 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், அதனால் அங்கே சேருபவர் கடிதத்தை யார் தருகிறார் என்று பார்த்துச் சேரவேண்டும்.

ஹார்டி தொழில்நுட்ப நிறுவகத்தில் எச்என்டிஇ (பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்தேன். பொறியியல் சேவைக்குப் போக வழி உண்டா? (அக்கரைப்பற்று)

திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பொறியியல் பட்டமோ அதற்குச் சமமான தகுதியோ வேண்டும். பொறியியலாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை ஒவ்வொன்றாகச் செய்து அந்தத் தகுதிக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாறு வருடம் பிடிக்கும், வேலையும் செய்துகொண்டு இரவில் படிக்க வேண்டும். அதுவரை தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீஓ) சேருங்கள். ஒரு நல்ல டீஓ ஒரு புது எஞ்சினியரைவிடக் குளத்தை நன்றாக அறிவார்.

முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலில் நிர்வாக சேவை என்றால் சண்டை தீர்த்துக் கையொப்பம் வைப்பது மட்டும் என்பதுபோல இருக்கிறது. 1963 இல் சிவில் சேவையை ஒழித்து இந்தச் சேவையை உருவாக்கிய நாளிலிருந்து மாவட்டத்தைத் தூக்கி நிற்பது நாங்கள்தான். (கல்முனை, ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி)

நண்பரே, குறைத்துச் சொல்லவில்லை. சரி, வெள்ளத்தை வைத்தே பேசுவோம். 2011 ஜனவரி உங்களுக்கும் மறந்திருக்காது. குளத்தின் பெயர் வேண்டாம். இரவு பதினொரு மணி, நீர்மட்டம் காட்டும் பலகையில் ரோச் அடித்து அடித்துப் பார்க்கிறோம், அரை மணிக்கு ஒருமுறை ஒரு கோடு மறைகிறது. வான் கதவை (குளத்தின் மேலதிகத் தண்ணீரை வெளியே விடும் கதவை) இன்னும் திறந்தால் கீழே இருக்கும் கிராமத்துக்குள் தண்ணீர் போகும். திறக்காவிட்டால் அணைக்கட்டு எங்கே போகும் என்று சொல்லமுடியாது. எத்தனை அங்குலம் திறப்பது என்பதை நான்தான் சொல்லவேண்டும். ஆனால் திறக்கமுன் அந்தக் கிராமத்துச் சனத்தை எழுப்பிப் பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு உங்கள் பிரதேச செயலாளர்தான் கிராம அலுவலர்களை எழுப்பினார், லொறி பிடித்தார், விடியமுன் பாணும் பருப்பும் வந்தது. அவருடைய தொலைபேசி வரும்வரை என் கை கதவுச் சக்கரத்தில் இருந்தது. யார் பெரியவர் என்று அன்றைக்கு இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. அன்று நான் எடுத்த முடிவு பிழைத்திருந்தால் விசாரணையில் என் பெயர். உங்களுடைய பிழை பெரும்பாலும் கோவைக்குள் கிடக்கும், வருடங்கள் கழித்துக் கணக்காய்வாளர் கண்டுபிடிப்பார்.

சேர், இரண்டு பேரும் நல்லாப் பேசுறீங்க. சக்கரத்தைச் சுத்தினது யாரு? (உறுகாமம் பக்கம், தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

நியாயம். சுற்றியது டீஓவும் இரண்டு வேலையாட்களும்தான். நான் கை வைத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

கணக்காய்வு கோவையோடு மட்டும் நிற்பதில்லை. உங்கள் அளவீட்டுப் புத்தகத்தையும் பார்ப்பார்கள். (கல்முனை, அதே அதிகாரி)

பார்ப்பார்கள், பார்க்கட்டும். இதற்குமேல் இங்கே வேண்டாம், பிள்ளைகளின் கேள்விகள் நிற்கின்றன. ஒருநாள் கல்லடிப் பக்கம் வாருங்கள், தேத்தண்ணியோடு மிச்சத்தைப் பேசலாம்.

பொறியியல் சேவைக்கு வயதெல்லை என்ன? (காத்தான்குடி)

செங்கலடித் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும்.

தரம் III எஞ்சினியருக்கு வாகனப் பெர்மிட் (வரிச் சலுகையில் வாகனம் வாங்கும் அனுமதி) கிடைக்குமா? (கல்லாறு)

பெர்மிட்டுக்காகச் சேருவதென்றால் சேரவேண்டாம்.

சேர், நான் பெண் பிள்ளை. களத்தில் வேலை, தூர இடத்துக்குப் போடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். ஆசிரியர் வேலையே போதும் என்கிறார். (களுவாஞ்சிக்குடி)

அம்மாவின் பயம் முழுக்கப் பிழை இல்லை மகள். நாடளாவிய சேவை என்றால் முதல் நியமனம் எங்கேயும் வரலாம். என்னோடு வேலை செய்த பொறியியலாளர்களில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கு முதல் நியமனம் அநுராதபுரப் பக்கம், சிங்களம் ஒரு சொல் தெரியாமல் போனார். முதல் மாதம் அழுதார் என்று அவரே சொல்லுவார். இரண்டாம் வருடம் அங்குள்ள விவசாய அமைப்புக் கூட்டத்தைச் சிங்களத்திலேயே நடத்தினார். அரச கரும மொழித் தேர்ச்சியை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும், அங்கே இருந்தால் அது தானாக வரும். சேர்ந்த பிறகு எழுதும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்குத் தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் படிக்கும்போதுதான் கண் கட்டும், களத்தில் இல்லை. தங்குமிடம், போக்குவரத்து பற்றி நியமனத்துக்கு முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவையும் ஒருநாள் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன்.

விண்ணப்பம் போட்டேன், அனுமதி அட்டை வரவில்லை. (ஓட்டமாவடி)

கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தினீர்களா? என்னோடு படித்த ஒருவன், எங்கள் பிரிவில் முதலாவதாக வந்தவன், அந்த ஒரு கையொப்பம் இல்லாமல் ஒரு வருடம் இழந்தான். சமாதான நீதவான் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தது. ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டும், அதையும் பாருங்கள். பிரதி ஒன்றும் பதிவுத் தபால் துண்டும் கையில் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை.

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்? (கொக்கட்டிச்சோலை)

என்னிடம் கேட்டதைச் சொல்கிறேன். பட்டம், பயிற்சி எல்லாம் கேட்டு முடித்து, ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு கியூசெக் தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் எத்தனை ஏக்கர் அடி?" என்றார். கியூசெக் என்றால் செக்கனுக்கு ஒரு கன அடி. நான் பேனையை எடுத்து ஒரு நாளின் செக்கன்கள் 86,400 என்று எழுதி, ஓர் ஏக்கர் அடிக்குரிய 43,560 கன அடியால் பிரிக்கத் தொடங்கினேன். கை நடுங்கியது, தசமம் இடம் மாறியது, 19.8 என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது. எப்படியோ எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, வட்டவிதானையாக இருந்த என் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரெண்டு. இதுக்கு ஏன் கடதாசி?" என்றார்.

சேர், சரியாகப் பார்த்தால் 1.98 வருகிறது, இரண்டு இல்லை. (திருக்கோவில்)

இந்தியப் புத்தகத்தைத் திறந்துவிட்டீர்கள் போல. 1.983 தம்பி. வாய்க்காலில் போகும்போது கசிவில் இழப்பது அதைவிட எவ்வளவோ கூட. உங்கள் ஊர் வாய்க்கால் ஒன்றை எடுத்து, துருசடியில் ஒரு அளவும் கடைக் கண்டத்தில் ஒரு அளவும் பார்த்து, வருகிற வெள்ளி எனக்குச் சொல்லுங்கள்.