கடலலை, பூகம்ப அலை, சுனாமி: கேளுங்கள், சொல்கிறேன்

கடலும் நிலநடுக்கமும்தான் நமக்குத் தெரிந்த ஏரியா. அதை ஒட்டியே கேளுங்கள்.

மகள் பத்தாவது படிக்கிறாள். பி அலை, எஸ் அலை என்ன வித்தியாசம் சார்?

இரண்டும் நிலநடுக்கம் கிளப்பும் அலைகள். பி அலை போகிற திசையிலேயே பாறையை அமுக்கி விடும். க்யூவில் பின்னால் நிற்பவர் தள்ளினால் அந்தத் தள்ளல் கடைசி ஆள் வரை போகுமே, அப்படி. எஸ் அலை பக்கவாட்டில் ஆட்டும். பி எதிலும் போகும். எஸ் திரவத்தில் போகாது. பூமியின் வெளிக்கரு திரவம் என்று நமக்குத் தெரிந்ததே எஸ் அலை அதைக் கடக்காததால்தான். அதற்குள்ளே திடமான உட்கரு இருப்பதை 1936-இல் இங்கே லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணி பி அலைகளை வைத்தே கண்டுபிடித்தார்.

பி முதலில் வரும், எஸ் பின்னால் வரும். பக்கத்து நிலநடுக்கம் என்றால் அந்த இடைவெளியை நொடியில் எண்ணி எட்டால் பெருக்கச் சொல்லுங்கள்; மையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று ஏறக்குறைய வந்துவிடும்.

வைஃபை அலை உடம்புக்குக் கெடுதலா?

டாக்டரிடம் கேளுங்கள்.

நடுக்கடலில் இருக்கும் படகை சுனாமி கவிழ்க்குமா அண்ணா?

கவிழ்க்காது, படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று, பூகம்பம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து கடல் மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடல் மேலே போனது. அது அளந்த உயரம் சுமார் 60 செ.மீ. ஆனால் அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். காற்று எழுப்பும் அலை மேல்தண்ணீரை மட்டும்தான் ஆட்டும். தன் நீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அமைதி. சுனாமியில் தரை வரை மொத்தத் தண்ணீரும் அசையும்.

வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் போடுங்கள்; நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும், அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 4000 மீட்டரில் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல், 10 மீட்டரில் வெறும் 36. முன்பகுதி கரையருகே தவழும்போது பின்பகுதி இன்னும் வேகமாக வந்து நெருக்கும். அதனால்தான் கரையில் உயரம் கூடுகிறது.

சுமத்ராவில் நிலநடுக்கமாம். சுனாமி வருமா?

சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாட்ஸப்பைப் பார்க்காதீர்கள். 2012 ஏப்ரல் 11-இல் 8.6 அளவு, சென்னையிலேயே ஆடியது, பெரிய சுனாமி வரவில்லை. கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர தண்ணீரைப் பெரிதாகத் தூக்கவில்லை.

அந்தமானில் நிலநடுக்கமாம், சுனாமி...

மேல் பதில்.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி, சரியா?

தப்பு, ஆபத்தான தப்பு. 2004-இல் தாய்லாந்துப் பக்கம் கடல்தரை தாழ்ந்ததால் அங்கே முதலில் உள்வாங்கியது. நம்மை நோக்கிய பக்கம் கடல்தரை உயர்ந்ததால் இங்கே முதலில் வந்தது அலையின் மேடு. கடல் உள்வாங்கட்டும் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள்.

மாமல்லபுரத்தில் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே? நீங்கள் பாடப்புத்தகம் பேசுகிறீர்கள்.

பார்த்தது பொய் என்று யார் சொன்னது? சுனாமி ஒரே அலை இல்லை, வரிசை. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே பள்ளம் வரும்போது பாறை வரை தெரியும். கரையின் சரிவைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். முதலில் உள்வாங்கியே தீரும் என்று நம்புவதைத்தான் தப்பு என்கிறேன்.

அப்போ உள்வாங்கினால் ஓட வேண்டாமா?

ஓடுங்கள்! உள்வாங்காவிட்டாலும் எச்சரிக்கை வந்தால் ஓடுங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

நிகோபாரில் 5.2-ஆம், சுனாமி வருமா?

அந்த அளவுக்கு வராது. அடுத்த ஆள்.

குமரிக் கடற்கரையில் காற்றே இல்லை, திடீரென்று கடல் ஏறுகிறது. இதுவும் சுனாமியா ஐயா?

நல்ல கேள்வி. இது கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி புயற்காற்று கிளப்பிய அலை. நீளமான அலைகள் வேகமாகவும் ஓடும், வழியில் சக்தியும் அதிகம் இழக்காது. அதனால் பல நாள் பயணித்து, இங்கே வெயில் அடிக்கும்போது வந்து ஏறும். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் பதினைந்து, இருபது நொடி இருக்கும். சுனாமியில் பல நிமிடம். நாட்கணக்கில் பயணிப்பதால் இன்காய்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடும். அன்றைக்குப் படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள், பாறையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களை இறக்கி விடுங்கள்.