பேஸ் கேபினட்டில் ஸ்பீக்கர் மாற்றுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் தேவாலய ஆராதனைக் குழுவின் பேஸ் கேபினட்டில், அதாவது பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியில், நான்கு 10 இஞ்ச் ஸ்பீக்கர்கள், மொத்தம் 8 ஓம். இரண்டில் சத்தமே இல்லை. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா? — உட்லண்ட்ஸ் வாசகர்

ப: இரண்டு ஊமையாகிவிட்டால் இரண்டுமே போய்விட்டன என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து மறுபடி 8 ஓம் கொண்டுவர, இரண்டிரண்டாக சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பேரலலில் (பக்கம் பக்கமாக) சேர்ப்பது வழக்கம். ஒன்றின் வாய்ஸ் காயில் (coil, கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) அறுந்தால் அதன் ஜோடியும் கூடவே அடங்கிவிடும்.

கேபிளை ஆம்பிலிருந்து கழற்றி, ஆம்பில் செருகும் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல 8 ஓம் கேபினட் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டும். மீட்டர் அளப்பது டிசி எதிர்ப்பை மட்டுமே என்பதால் கேபினட்டில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சுமார் 12 காட்டினால் ஒரு ஜோடி அறுந்திருக்கிறது. பழைய சத்தம் வர ஆம்பைக் கூட்டினால் மீதமுள்ள இரண்டின் மீதும் சுமை ஏறும், எனவே அப்படியே வாசிக்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொன்றின் ஒயரையும் கழற்றித் தனித்தனியே அளந்தால் எது போனது என்று தெரிந்துவிடும். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியையும் பாருங்கள். அது மட்டும் அறுந்திருந்தால் சால்டர் செய்தே காப்பாற்றிவிடலாம். அளவு சரியாக இருந்தும் கரகரக்கிறதா? கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து, சாயாமல் மெல்ல அழுத்துங்கள். மணலில் உரசுவது போல் விரலில் தட்டுப்பட்டால், காயில் சூட்டில் உருக்குலைந்து காந்த இடைவெளியில் தேய்கிறது. அந்த ஸ்பீக்கர் இனி தேறாது.

அதே மாடல் கிடைத்தால் போனதை மட்டும் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் நான்கையும் மாற்றுங்கள். ஒரே காற்றைப் பகிரும் பெட்டியில் ஒன்று மட்டும் வேறு ஜாதியாக இருந்தால், மற்ற மூன்றும் அதை இழுத்தடிக்கும்.

கே: மெல்லிசைக் குழுவில் 5 கம்பி பேஸ் வாசிக்கிறேன். 250 வாட் ஸ்பீக்கருக்குப் பதில் 400 வாட் போட்டால் சத்தம் கூடுமா? — ஈசூன் வாசகர்

ப: வாட் கூடியதால் மட்டும் கூடாது. காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்குத்தான் அந்த எண். சத்தத்துக்குப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 94 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 200 வாட் தேவைப்படும் இடத்தில், 97 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் போதும்.

அதைவிட முக்கியம் எக்ஸ்மேக்ஸ், அதாவது கோன் தன் கட்டுப்பாட்டை விடாமல் முன்பின் நகரும் தூரம். தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், உங்கள் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று லீட் கிட்டார் ஸ்பீக்கரை பேஸ் பெட்டியில் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: வாட் போதுமானதாக இருந்தும் கோன் கிழிந்துவிடும்.

அடுத்து, பெட்டிக்குப் பொருந்துமா? ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் பெயரில் வழங்கும் அளவுகள் ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கரின் டேட்டா ஷீட்டிலும் இருக்கும். பெட்டியின் உள் அளவை எடுங்கள். 58 × 56 × 38 செ.மீ. என்றால் 123 லிட்டர். கட்டைகள், போர்ட் (காற்று வெளியேறும் துளைக் குழாய்), காந்தங்களுக்கு ஒரு 13 லிட்டர் கழித்தால் 110. நான்கு ஸ்பீக்கர் என்றால் ஒன்றுக்கு 27.5 லிட்டர். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் டேட்டா ஷீட் அளவுகளையும் இந்த லிட்டர் கணக்கையும் போர்ட்டின் நீள அகலத்தையும் கொடுத்தால், எந்த ஸ்பீக்கர் அந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்று வரைபடமாகவே காட்டும். காசு கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

போர்ட் உள்ள பெட்டியின் ட்யூனிங்குக்கு, அதாவது போர்ட் ஒலிக்கும் சுருதிக்கு, கீழே உள்ள சுருதிகளில் கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே இருக்கும் காற்றால் முடியாது. 35 ஹெர்ட்ஸ் அளவில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த பி-யில் நம் காதில் விழுவது பெரும்பாலும் 62 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும்தான், அதனால் இழப்பு தெரியாது.

கே: இரண்டு 12 இஞ்ச் கேபினட். ஆம்ப் குறைந்தது 4 ஓம் கேட்கிறது. எத்தனை ஓம் ஸ்பீக்கர் வாங்க? — பொங்கோல் வாசகர்

ப: இரண்டும் 8 ஓம், பேரலலில். மொத்தம் 4. பிற்பாடு இன்னொரு 8 ஓம் கேபினட் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டும் 16 ஓம் வாங்குங்கள், மொத்தம் 8 வரும்; இரு கேபினட்டும் சேர்ந்தால் 4.

கே: எல்லாம் புதிதாகப் போட்டும் பேஸ் மெலிந்து கேட்கிறது. சில சுருதிகளில் புர்ரென்ற சத்தம் வேறு. — தெம்பனிஸ் வாசகர்

ப: மெலிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒயர் மாறியதுதான். ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே போனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைக் கேபினட் இணைப்பின் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். எல்லாக் கோன்களும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போவதன் ஒயர்களை மட்டும் மாற்றிக் குத்துங்கள்.

புர்ரென்பது காற்றுக் கசிவு. விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசிச் சுற்றுகளைக் கைத் திருப்புளியால் மட்டும் செய்யுங்கள். பவர் டிரைவர் வழுக்கினால் நேராகக் கோனில்தான் இறங்கும். அதிகம் இறுக்கினால் தகரச் சட்டம் வளைந்து காயில் உரசத் தொடங்கும்.

கே: வெளிநாட்டில் வரவழைப்பதா, இங்கேயே வாங்குவதா? — ஜூரோங் வாசகர்

ப: ஒயர், ஸ்பேட் முனை, ஃபோம் டேப்புக்கு சிம் லிம் டவர் போதும், 1.5 சதுர மி.மீ. ஒயர் கேளுங்கள். ஸ்பீக்கரை வரவழைத்தால் விமானக் கட்டணம் எடைக்கு ஏற்ப ஏறும். அங்கே எடை குறைந்த நியோடிமியம் காந்தம் கைகொடுக்கும். 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். சரக்கின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் அது இறக்குமதியின்போது வசூலிக்கப்படும்.

நம் ஊர் ஈரத்தில் பழைய திருகுகள் துருப்பிடித்து, உள்ளே மரத்தில் பதித்திருக்கும் டி-நட்டும் சேர்ந்தே சுழலும். புதிய ஸ்பீக்கரோடு டி-நட்டும் துருப்பிடிக்காத திருகும் ஒரு செட் வாங்கிவிடுங்கள். கழற்றும்போது கேபினட்டை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கடைசித் திருகு வரும்போது ஸ்பீக்கர் கீழே விழாது.